கூடைப்பந்து விழாவில் ஓர் உதைபந்தாட்டம்

போன வருடத்துக்கு முந்தின கோடை. ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில் கோட்-டே-நேஜ் பக்கத்துப் பூங்கா ஒன்றில் நடந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், தேநீருக்கு முன்னால் என் மனைவி இந்தக் கதையைத்தான் பரிமாறுவாள். அவள் சொல்லும்போதெல்லாம் என் தொப்பை ஒரு சுற்றுக் கூடிவிடுகிறது. அதனால் நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். வீடு செயின்ட்-மிஷேலில். சமையலறையில் என்னையும் ஒரு ஹெய்ட்டி நாட்டுச் சமையல்காரரையும் விட்டால் மற்ற எல்லாரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். காலையில் ஏப்ரன் கட்டும்போதே கூடைப்பந்துக் கதை தொடங்கிவிடும். கை துடைத்த தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போடுவதென்றால்கூட ஒரு துள்ளுத் துள்ளி, மணிக்கட்டை மடக்கி எறிந்துதான் போடுவார்கள். அவர்களின் நாட்டில் தென்னை மரத்திலும் வளையம், தேவாலய முற்றத்திலும் வளையம், இரண்டு பேர் உரசாமல் போக முடியாத ஒழுங்கையிலும் வளையமாம். றப்பர்ச் செருப்போடு விளையாடுவார்களாம்.

நானோ யாழ்ப்பாணத்தான். பள்ளிக்கூட அணியில் பின்வரிசையில் நின்றவன். உதைபந்தாட்டம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை. இவர்களுடைய கூடைப்பந்துப் பைத்தியத்தைப் பார்த்து, உலகமே ஒரு பக்கம் போக இவர்கள் மட்டும் வேறு பக்கம் போகிறார்களே என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம் எனக்கு எப்போதும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையில் உப்பு இருக்காது.

ஒருநாள் இடைவேளையில் நான் தொலைபேசியில் ஒரு போட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த ஒரு பெண், "கோல் காப்பாளர் அரை அடி முந்தி வந்திட்டார்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். எங்களோடு பாத்திரம் கழுவுகிற பெண்தான். நாற்பத்தொரு வயது. நாலு வருடமாக ஒரே சமையலறையில் நிற்கிறோம், அவளுக்கு இது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவள் பிறந்த தீவில் ஒரே ஓர் ஊர் மட்டும் கூடைப்பந்தை விட்டுவிட்டு உதைபந்து விளையாடுமாம். அந்த ஊர்ப் பெண் அவள். பதினெட்டு வயதுவரை விளையாடிவிட்டு, பிறகு வீட்டு வேலைக்கென்று நாடு நாடாகப் போய்க் கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

அவள் என்னைக் 'கூயா' என்று கூப்பிடுவாள். அவர்களின் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். அதனால் வீட்டில் நாங்கள் அவளைத் தங்கச்சி என்றே சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. தமிழில் எழுதும்போது அவளுக்கும் கொஞ்சம் எங்கள் வாடை அடித்தால் குறை நினைக்க வேண்டாம்.

தங்கச்சிக்கு ஒரே ஓர் ஆசை. ஒவ்வொரு கோடையிலும் அவர்களின் சமூகம் நடத்துகிற பெரிய விளையாட்டு விழாவில் பெண்களுக்கு உதைபந்தாட்டமும் இடம்பெற வேண்டும். விழா என்று பெயர், உள்ளே முழுக்க முழுக்கக் கூடைப்பந்துதான். நாலு வருடமாகக் கேட்டிருக்கிறாள். அவள் நாட்டுப் பெண்கள் உலகக் கிண்ணம்வரை போய் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். விழாக்குழுத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆறடி உயரம், ஆனால் உதைபந்தா, யார் பார்ப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம். ஐந்தாவது வருடம் கொஞ்சம் இறங்கிவந்தார். தொடக்க நாளன்று பக்கத்து மைதானத்தில் ஒரு போட்டி வையுங்கள், ஆட்டம் முடியும்போது மைதானத்தைச் சுற்றிச் சனம் நின்றால் அடுத்த வருடம் முதல் விழாவில் உங்களுக்கும் இடம், நிற்காவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிட வேண்டும் என்றார்.

தங்கச்சி ஆள் சேர்த்தாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஹோட்டல் அறை துப்புரவு செய்கிறவர்கள், கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்று தன்னோடு சேர்த்துப் பதினாலு பெண்கள். பயிற்சியாளராக என்னைக் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன்பே நான் ஓம் என்றுவிட்டேன். எதிர் அணிக்கு எங்கள் செயின்ட்-மிஷேல் ஹெய்ட்டிப் பெண்களைப் பிடித்தேன். நடுவராகப் பக்கத்து லவால் நகரில் இருக்கிற என் பழைய நண்பரைப் பிடித்தேன். கழுத்தில் விசிலை மாட்டியதும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. பந்து நெஞ்சுக்கு வந்தால் போதும், பதினாலு பேருடைய கையும் தானாக மேலே எழும்பும். "கை! கை!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. கோல் காப்பாளராக நின்ற ஹோட்டல்காரப் பெண், பந்தைப் பிடித்ததும் ஒரு கையால் தலைக்கு மேலாகப் பாதி மைதானத்துக்கு வீசுவாள். எறியாதே, உதை, இது கூடைப்பந்து அல்ல என்று அதையும் நிறுத்தினேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு "ஓகே கோச்" என்பார்கள். என்ன ஒழுக்கமான பிள்ளைகள் என்று வீட்டில் போய்ப் பெருமை அடித்தேன்.

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் வந்தது வினை. அன்று பயிற்சிக்கு வந்த பெண்கள் பந்தைத் தொடவில்லை. வட்டமாக உட்கார்ந்து ஜேர்சி நிறம் பற்றிப் பேசினார்கள், முதுகில் என்ன பெயர் போடுவது என்று பேசினார்கள், பிறகு 'மியூஸ்' யார் என்று பேசத் தொடங்கினார்கள். விசாரித்தேன். அவர்களின் கூடைப்பந்து விழாக்களெல்லாம் ஊர்வலத்தோடுதான் தொடங்குமாம். ஒவ்வோர் அணியும் சீருடையோடு வரிசையாக நடக்குமாம். அணிக்கு முன்னால் தோளில் பட்டி போட்டுக்கொண்டு, கையில் பந்தோடு ஓர் அழகுராணி நடப்பாளாம். அவள்தான் மியூஸ். மிகச் சிறந்த மியூஸுக்குப் பரிசு, மிகச் சிறந்த சீருடைக்குப் பரிசு. எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணிகூட அந்தப் பரிசை வாங்கிவிட்டால் வருடம் முழுக்கத் தலை நிமிர்ந்து திரியுமாம். எங்கள் அணிக்கு மியூஸாக, தங்கச்சியோடு ஒரே வீட்டில் இருக்கிற ஒரு தாதிப் பெண்ணைத் தெரிவு செய்திருந்தார்கள். பட்டிகூடத் தைத்தாயிற்று.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பந்தை நிறுத்தத் தெரியாது, அதற்குள் அழகுராணியா என்று கேட்டேன். ஊர்வலம் ஒன்றரைக்கு, போட்டி இரண்டு மணிக்கு. அந்த அரை மணி நேரமும் உடம்பைச் சூடாக்க வேண்டும், யாரும் ஊர்வலத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி மட்டும் மெதுவாக, "கூயா, சனம் ஊர்வலத்துக்குத்தான் வரும்" என்றாள். நல்ல ஆட்டம் ஆடினால் சனம் தானாக வரும் என்றேன் நான். அவள் பட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஓகே கோச்" என்று பதினாலு பேரும் சொன்னார்கள். மூத்தவன் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது அவர்களுக்கு வராது என்பதை நாலு வருடம் பக்கத்தில் நின்றும் நான் கவனித்திருக்கவில்லை. சம்மதித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மியூஸாக வர இருந்த பெண் மனம் நொந்து அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறும் வந்தது. பூங்காவின் ஒரு கரையில் கூடைப்பந்துத் தளம், நடுவில் மேப்பிள் மரங்கள், மறு கரையில் எங்கள் புல் மைதானம். இருநூறு அடி தூரம் இருக்கும், அவ்வளவுதான். ஒன்றரைக்கு அங்கே மேளம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒவ்வோர் அணியாகக் கூப்பிடக் கூப்பிட ஒரே ஆரவாரம். இங்கே என் பெண்கள் ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றுகொண்டிருந்தார்கள். கால் இங்கே, கண் மரங்களுக்கு அப்பால். நான் விசில் ஊதி ஊதிக் கண்ணை இழுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பார்வையாளர்களை எண்ண ஒரு கை போதும். என் மனைவி, ஹெய்ட்டிப் பெண்களின் கணவன்மார் இரண்டு பேர், நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர். நாய் பாதியில் அலுத்துப்போய் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மனைவி ஆட்டம் முடிந்த பிறகு கொடுக்கவென்று நாற்பது மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

என் பெண்கள் விளையாடினார்களா என்று கேட்டால், ஓடினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பயிற்சியில் கலகலவென்று கத்துகிறவர்கள் வாயே திறக்கவில்லை. மரங்களுக்கு அப்பாலிருந்து ஆரவாரம் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று தலை திரும்பும், அந்த நேரம் பார்த்துப் பந்து போய்விடும். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினோம்.

மனைவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "என்னப்பா இது? செத்தவீடெண்டாலும் நாலு சனம் வந்து நிக்கும்."

நான் தங்கச்சியைத் தேடினேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"கூயா, நாலு வருசம் கேட்டுத்தான் இந்த ஒரு நாள் கிடைச்சது. இனிமேல் கேட்க எனக்கு முகமில்லை" என்றாள்.

பிறகுதான் விளக்கமாகச் சொன்னாள். அங்கே நிற்கிற சனத்தில் பாதிப் பேர் கூடைப்பந்து பார்க்க வந்தவர்கள் இல்லையாம். ஊர்வலத்தில் நடக்கிற தங்கள் பிள்ளையை, மச்சாளை, ஒரே வீட்டில் இருக்கிறவளைப் படம் எடுக்க வந்தவர்களாம். கூட நின்று படம் எடுத்துவிட்டால், அவளுடைய ஆட்டத்தைப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை என்று நிற்பார்களாம். நின்றால் கத்துவார்கள், கத்தினால் அடுத்த வருடமும் வருவார்கள். அவள் ஊரில் உதைபந்து வேர்விட்டதும் அப்படித்தானாம். ஊர்வலத்தில் நடக்காத அணி யாருடைய அணி என்றே யாருக்கும் தெரியாது என்றாள். எங்கள் பெண்களின் வீட்டுக்காரர்கள் எல்லாரும் மரங்களுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள், இவர்கள் எங்கே என்று தேடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. என் மனைவி வேறு விடவில்லை. "ஊரிலை நீங்கள் மட்டும் சும்மாவே விளையாடினனீங்கள்? ஒலிபெருக்கியிலை பேர் சொன்னால்தானே சப்பாத்தே போடுவியள்!" என்றாள். உண்மைதான். என் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அறிவிப்பாளருக்கு முன்னால் குறுக்கும் மறுக்கும் நடந்தவன் நான். எனக்கு இனித்தது இவர்களுக்கு மட்டும் எதற்கு என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. இன்னும் முப்பத்தைந்து நிமிட ஆட்டம்தான் மிச்சம். அதோடு அவளுடைய ஐந்து வருடமும் போய்விடும்.

நடுவர் நண்பரிடம் ஓடி, இடைவேளையைக் கொஞ்சம் நீட்டச் சொல்லிக் கெஞ்சினேன். ஹெய்ட்டி அணித்தலைவி விஷயத்தைக் கேட்டதும், ஊர்வலமா, அப்படியென்றால் நாங்களும் வருவோம் என்றாள். மரங்களைத் தாண்டி ஓடினேன். நல்ல வேளையாக அங்கே முதலாவது ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. விழாக்குழுத் தலைவரைப் பிடித்து, பெண்களை ஊர்வலத்துக்கு வரவிடாமல் மறித்தது நான்தான், பிழை என்னுடையது, பத்து நிமிடம் தாருங்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் யோசித்தார். தரலாம், ஆனால் மியூஸ் இல்லாமல் எந்த அணியும் இந்தத் தளத்தில் நடந்ததில்லை, உங்கள் மியூஸ் எங்கே என்று கேட்டார்.

எங்கள் மியூஸ் அந்த நேரம் எங்கேயோ ஒரு பாட்டிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் வந்து நின்ற பெண்களைப் பார்த்தேன். அவர்கள் விளையாடுகிறவர்கள், மியூஸ் ஆக முடியாது. பதினாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பதினாலு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாகக் கோல் காப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. அது அப்படியே வரிசையில் கடைசி ஆள்வரை போனது. தங்கச்சி பைக்குள் கையை விட்டுப் பட்டியை எடுத்தாள்.

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "ஓகே" என்றேன்.

மஞ்சள் பளபளப்புச் சற்றின் துணியில் பட்டி. மெலிந்த பெண்ணுக்குத் தைத்தது, என் வயிற்றைச் சுற்றி வர மறுத்தது. எங்கள் பின்னாலேயே வந்திருந்த மனைவி தன் சேலை ஊசியால் இரண்டு நுனியையும் இழுத்துக் குத்தி, தன் கறுப்புக் கண்ணாடியையும் எனக்கு மாட்டிவிட்டாள். "வடிவாய் நடவுங்கோ, குனியாதேங்கோ" என்று புத்திமதி வேறு. மேளம் தொடங்கியது. கையில் உதைபந்தோடு நான் முன்னால், சீருடையில் பதினாலு பெண்கள் பின்னால், அவர்களுக்குப் பின்னால் ஹெய்ட்டிப் பெண்கள் இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டு. கால் பின்னியது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தளமே சிரிப்பில் குலுங்கியது. என்னோடு வேலை செய்கிறவர்கள் வாங்குப் பலகைகளின் மேல் ஏறி நின்று, "கூயா! கூயா!" என்று கத்தினார்கள். பெண்களின் வீட்டுக்காரர்கள் தொலைபேசிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அதோடு விட்டார்களா? மியூஸிடம் கேள்வி கேட்பது வழக்கமாம். ஒலிவாங்கியை நீட்டி, மக்களுக்கு உங்கள் செய்தி என்ன என்று கேட்டார் தலைவர். 'கூயா'வை விட்டால் அவர்களின் மொழியில் எனக்குத் தெரிந்தது இரண்டே சொல். சமையலறையில் மத்தியானம் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற 'காயின் தாயோ'. வாருங்கள் சாப்பிடுவோம் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு, எங்கள் மைதானத்தில் மீன் ரோல்ஸ் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டேன்.

சனம் எழும்பியது. கதிரை, குடை, சோற்றுத் தட்டு, தள்ளுவண்டியில் குழந்தை என்று எல்லாவற்றோடும் மரங்களைத் தாண்டி என் பின்னால் வந்தது. மனைவி முந்தி ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்துக்கொண்டு, "நாப்பது ரோல்ஸ்தான் கிடக்கு, இருநூறு சனத்தைக் கூட்டிக்கொண்டு வாறியளே!" என்று பதறினாள். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினாள்.

இரண்டாவது பாதியில் நான் பார்த்தது வேறு அணி. கரையிலிருந்து ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதிர் அணி பந்தோடு வந்தால் கூடைப்பந்தில் போலவே கை தட்டித் தட்டி "டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்!" என்றார்கள். கோல் காப்பாளர் துள்ளிப் பந்தைப் பிடித்தால் கோல் போட்டது போலக் கொண்டாடினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, இவ்வளவு நேரம் ஓடியும் ஒரு புள்ளிகூட இல்லையா, பாவம் பிள்ளைகள் என்று கவலைப்பட்டார்.

அவருடைய கவலை சீக்கிரம் தீர்ந்தது. ஒரு மூலை உதையில் கூட்ட நெரிசலுக்குள் யாருடைய முழங்காலிலோ பட்டு ஒரு கோல் விழுந்தது. பிறகு ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, பந்தைப் பிடித்த கோல் காப்பாளர் என்னைப் பார்த்தாள். உதைக்கவா, எறியவா என்று கண்ணால் கேட்டாள். "எறி!" என்று கத்தினேன். நான் தடுத்து வைத்திருந்த அந்த வீச்சு, எல்லாத் தலைகளையும் தாண்டிப்போய் நடுக்கோட்டில் தனியாக நின்ற தங்கச்சியின் காலடியில் விழுந்தது. அவள் திரும்பி ஓடினாள். நாற்பத்தொரு வயதும், தினமும் எட்டு மணி நேரம் பாத்திர மெஷினுக்கு முன்னால் நிற்கிற முழங்காலும் அந்த ஓட்டத்தில் எங்கே போயினவோ. வலது காலால் ஒரு தட்டு. வலை அசைந்தது. நான் அழுதேன், கறுப்புக் கண்ணாடி இருந்ததால் மானம் தப்பியது.

கடைசி நிமிடத்தில் ஹெய்ட்டிப் பெண்கள் இன்னொன்று போட்டு மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். தோற்ற அணி அப்படித் துள்ளிக் குதித்து ஆடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விசில் ஊதிய பிறகும் ஒருவரும் நகரவில்லை. புல் தெரியாத அளவுக்குச் சனம் மைதானத்துக்குள் இறங்கி, இரண்டு அணிகளையும் அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தலைவர் கால் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். தங்கச்சியிடம் போய்க் கை கொடுத்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதைத்தான் பார்த்தேன்.

போன கோடையில் விழாவில் பெண்களுக்கென்று நாலு உதைபந்தாட்ட அணிகள் விளையாடின. ஓர் அணி முழுக்க, கூடைப்பந்துக்காரர்களின் மனைவிமார். எங்கள் அணிக்கு இப்போது தங்கச்சிதான் பயிற்சியாளர். நான் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறேன், அவள் சொன்னால் செய்கிறேன், கேட்டால் மட்டும் வாய் திறக்கிறேன். சின்ன வயதில் விளையாடியது, இவ்வளவு காலமும் தொலைக்காட்சிக்கு முன்னால் கத்தியது, விசிலோடு அதிகாரம் செய்தது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். நாணிக் கோணிக்கொண்டு, தொப்பைமேல் பட்டியோடு ஊர் சிரிக்க நடந்த அந்தப் பத்து நிமிடம்தான் உதைபந்தாட்டத்துக்காக நான் செய்த ஒரே உருப்படியான வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.